சிறிய மேசைக் கணினியில் மூன்று திரைகள்: வழிகாட்டல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். என் மினி பிசியில் ஒரு எச்டிஎம்ஐ 2.0 போர்ட்டும், டிஸ்ப்ளேபோர்ட் 1.4 காட்சியைத் தரும் ஒரு யுஎஸ்பி-சி போர்ட்டும் மட்டுமே உள்ளன. இவற்றைக் கொண்டு மூன்று 4கே திரைகளை, ஒவ்வொன்றிலும் தனித்தனிக் காட்சி தெரியும்படி, 60 ஹெர்ட்ஸில் இயக்க விரும்புகிறேன். முதல் திரைக்கு எச்டிஎம்ஐ போதும். சிக்கல் மற்ற இரண்டில்தான்.

டிஸ்ப்ளேபோர்ட்டின் எம்எஸ்டி (மல்டி-ஸ்ட்ரீம் டிரான்ஸ்போர்ட்) வசதி ஒரே இணைப்பிலிருந்து பல திரைகளுக்குக் காட்சியைப் பிரித்துத் தரும் என்றாலும், 4கே திரை ஒன்றுக்கு நொடிக்கு ஏறத்தாழ 12.5 கிகாபிட் தேவைப்படுவதால், பயன்படக்கூடிய அளவு 17.28 கிகாபிட்டாக உள்ள டிஸ்ப்ளேபோர்ட் 1.2 இரண்டு திரைகளைத் தாங்காது, 25.92 கிகாபிட் தரும் 1.4 மயிரிழையில் தாங்கும். அதற்கும் யுஎஸ்பி-சியில் தரவைக் கடத்தும் நான்கு அதிவேகத் தடங்களும் காட்சிக்கே கிடைக்க வேண்டும். அதிவேக யுஎஸ்பி 3 தரவுக்காக இரண்டு தடங்களை ஒதுக்கும் டாக்கில் (பல போர்ட்டுகள் கொண்ட இணைப்புப் பெட்டி) இந்த அளவு பாதியாகிவிடும் என்பதால், காட்சியை மட்டும் பிரிக்கும் எம்எஸ்டி ஹப்பே மேல் எனக் கருதுகிறேன். மாற்று வழியான, யுஎஸ்பி தரவாகக் காட்சியை அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் முறை, படத்தைச் சுருக்கி அனுப்ப மையச் செயலியின் (சிபியு) உழைப்பை எடுத்துக்கொள்கிறது. காணொளித் தொகுப்புக்கு அது எனக்கு உகந்ததன்று.

விண்டோஸில் இத்தகைய அமைப்பைப் பயன்படுத்துவோர், கணினி உறக்கநிலையிலிருந்து மீளும்போது திரைகளை வரிசை மாறாமல் மீட்கும் ஹப் எது என்பதையும், எவ்வளவு நீளக் கேபிள் வரை படம் அறுபடாமல் வருகிறது என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.