அம்மாவின் மூட்டுவலியும் மறதியும்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். நாற்காலியை விட்டு எழும்போது கைப்பிடியை அழுத்தி, கொஞ்சம் நின்று, அப்புறம்தான் அடி எடுத்து வைக்கிறார். வலிக்குப் பயந்து நடப்பதையே குறைத்துவிட்டார். கூடவே, கேட்டதையே திரும்பக் கேட்பதும் தொடங்கியிருக்கிறது. அதற்கு மருத்துவரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது. வைட்டமின் பி12, தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மறதி வரும் என்பதால் அந்தப் பரிசோதனைகளையும் கேட்கப் போகிறேன்.

உங்களிடம் கேட்பது அன்றாடப் பழக்கங்களைப் பற்றி. வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரி, வலிக்கும் காலோடு எங்கிருந்து தொடங்குவது? உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்குவது, தண்ணீருக்குள் நடப்பது, இவற்றில் எது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒத்துவந்தது? தொடைத்தசை வலுவானால் மூட்டுக்கு நல்லது என்று அவருக்கும் தெரியும். தொடர்ந்து செய்யவைப்பதுதான் பெரும்பாடு.

இன்னொன்று, காது. மறதிநோய்க்கு, நாம் மாற்றக்கூடிய 14 காரணிகளை 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆய்வு ஆணையம் பட்டியலிட்டது. கேட்புக் குறைவும் அதில் ஒன்று. அம்மா தொலைக்காட்சியை அலறவிட்டுத்தான் பார்க்கிறார், ஆனால் காதுக் கருவி என்றாலே முகம் சுருங்குகிறது. நீங்கள் எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?

மூட்டுவலிக்கென விற்கும் மஞ்சள், குளுக்கோசமைன் மாத்திரைகளைத் தயவுசெய்து பரிந்துரைக்க வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுக்கிறார்; அதோடு இவை சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். தூக்கம், பேச்சுத்துணை, எடைக் குறைப்பு பற்றித் தெரிந்தவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.