வாசனை சிகரெட் தடை: கடைகளுக்கான துண்டுப்பிரசுரத்துக்கு உதவி தேவை

வணக்கம். கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை கடைக்காரருக்காக ஒரு பக்கத் தமிழ்த் துண்டுப்பிரசுரம் தயாராகிறது. சட்டம் தெளிவானது: சுவையூட்டிய, நிறமூட்டிய, இனிப்பூட்டிய புகையிலை சிகரெட்டுகளை விற்க இலங்கையின் 2016 வர்த்தமானி (அரசிதழ்) விதிகள் தடை விதிக்கின்றன. மெல்லும் புகையிலைக் கலவைகளும் அந்தத் தடையில் அடங்கும்.

சிக்கல் சொற்களில்தான். "வாசனை சிகரெட்" என்று மட்டும் எழுதினால், வடிகட்டிக்குள் சுவைக் குமிழி வைத்தவை தப்பிவிடும். விரலால் நசுக்கும்வரை அவற்றில் வாசமே வராது. கடைக்காரர் சாதாரண சிகரெட் என்றே நினைப்பார். புதினாவில் உள்ள குளிர்ச்சிப் பொருளான மென்தோலையும் பலர் "சுவை" என்று எண்ணுவதில்லை. அதன் குளிர்ச்சி தொண்டை எரிச்சலை மறைப்பதால்தான் புதிதாகப் புகைக்கும் பிள்ளைகள் இருமாமல் உள்ளிழுக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2020 மே மாதம் மென்தோல் சிகரெட்டைத் தடைசெய்ததும், பெட்டிக்குள் செருகும் சுவை அட்டைகள் தனியாக விற்பனைக்கு வந்தன. இங்கும் அதைக் கவனிக்க வேண்டும்.

தேவையானவை: அந்தக் குமிழிக்குக் கடைகளில் புழங்கும் தமிழ்ச் சொல், பெட்டியின் இரு பக்கப் படங்கள். பெட்டிப் பரப்பில் 80 வீதத்தை மூடும் எச்சரிக்கைப் படம் இல்லாவிட்டால் அதையும் குறிப்பிடுங்கள். கடையின் பெயரோ ஆட்களின் முகமோ வேண்டாம். படத்துக்காகக் காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம். தமிழ் வாசகத்தைச் சிங்களத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கக்கூடியவர்கள் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.