புதுப்பிப்பு: ஒற்றை அறை வீட்டின் அலமாரிச் சிக்கல் தீர்ந்தது

கட்டில், மேசை, துணி அலமாரி மூன்றும் ஒரே அறையில் நெருக்கியடித்து நிற்பதால் நடக்க வழியில்லை, எதை வெளியேற்றலாம் என்று மூன்று மாதங்களுக்கு முன்பு கேட்டிருந்தேன். எதையும் வெளியேற்றும் முன் அளந்து பாருங்கள் என்று சிலர் சொன்னதே கைகொடுத்தது. அவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

அலமாரிக்கும் கட்டிலுக்கும் இடையே 45 செ.மீ. மட்டுமே இருந்ததால் கதவு பாதிதான் திறந்தது, துணிகள் நாற்காலியில் குவிந்தன. ஹேங்கரில் சட்டை மாட்டுவதற்கு ஏறத்தாழ 60 செ.மீ. ஆழம் வேண்டும் என்பதால் ஆழம் குறைந்த அலமாரிக்கு மாறாமல், இருந்த அலமாரியின் கதவுகளைக் கழற்றிவிட்டுச் சுவரின் நிறத்திலேயே திரைச்சீலை தொங்கவிட்டேன். கட்டிலைச் சுவரோரம் தள்ளியதில் நடைவழி 75 செ.மீ. ஆனது.

அலமாரியை நகர்த்தியபோது பின்சுவரில் மிளகு தூவியதுபோலக் கரும்பூஞ்சை படர்ந்திருந்ததைக் கண்டு பதறிப்போனேன். வெளிச்சுவர் குளிர்ந்திருக்க, காற்றோட்டமில்லாத இடுக்கில் ஈரம் படிந்ததே காரணம். சுவரைத் துடைத்து நன்கு உலரவிட்ட பிறகு, இப்போது சுவருக்கும் அலமாரிக்கும் இடையே 5 செ.மீ. இடைவெளி விட்டிருக்கிறேன், முன்பக்கம் சாய்ந்துவிடாதபடி, அலமாரியின் தலைப்பகுதியைக் கோணத்தகடுகளால் (L வடிவத் தகடுகள்) சுவரோடு பிணைத்திருக்கிறேன். உயரமான அலமாரி வைத்திருக்கும் எவரும் இந்த இரண்டையும் தள்ளிப்போட வேண்டாம்.

அலங்காரம் என்று செய்தது கொஞ்சம்தான். சன்னலை ஒட்டிய பக்கச்சுவரில் கண்ணாடி மாட்டியதில், மாலை வெளிச்சம் மேசைவரை வருகிறது. கட்டிலுக்கடியில் சக்கரம் வைத்த பெட்டிகள் வைக்கும் வேலை மட்டும் பாக்கி.