யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவான் இறங்குதுறையில தனிப் படகு பிடிச்சா ஒரு நாளில எத்தினை தீவு பாக்கலாம்?

கேள்வி: மாசியில குடும்பமா வாறம், அம்மாவும் சின்னப் பிள்ளையளும் கூட. ஊர் ஆள் ஒருத்தரை வழிகாட்டியாப் பிடிச்சு நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு மூண்டும் ஒரே நாளில பாக்கேலுமோ?

பதில் 1: அனலைதீவை விடுங்கோ, அம்மா களைச்சுப் போவா. விடியவே வெளிக்கிட்டு முதல் நெடுந்தீவுக்குப் போங்கோ, கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலக் கடல், காத்து எழும்ப முந்திப் போறதுதான் நல்லது. அங்க ஓட்டோ பிடிச்சா பெருக்கமரம், ஒல்லாந்தர் கோட்டை, குதிரையள் மேயுற வெளி எல்லாம் பாக்கலாம், ஆனா முருகைக்கல் (பவளப்பாறைக் கல்லு) வேலியளை ஓட்டோவில இருந்து பாத்திட்டுப் போகாதேங்கோ, இறங்கிக் கிட்டப் போங்கோ, சாந்தே இல்லாம கல்லுக்கு மேல கல்லு அடுக்கியிருக்கு, ஒவ்வொரு கல்லிலயும் பவளத்தின்ர வரி அப்பிடியே தெரியும், அவ்வளவு வடிவு. திரும்பேக்க நயினாதீவு நாகபூசணி அம்மன்.

பதில் 2: மாசி நல்ல காலம், சோளகம், அதுதான் தென்மேற்குக் காத்து, தொடங்கினா கடல் அடிக்கும். பிள்ளையளின்ர அளவில லைஃப் ஜாக்கெட் இருக்கோ எண்டு படகுக்காரரிட்ட முதலே கேளுங்கோ, பெரியாக்களின்ரயப் போட்டு விட்டா தலையால கழண்டிடும். நிண்டு பாக்கிற நேரத்துக்கும் சேத்து வாடகையைக் கதைச்சு முடிச்சிட்டு ஏறுங்கோ.

பதில் 3: தண்ணியும் தொப்பியும் கட்டாயம், நெடுந்தீவு வெளியில நிழல் குறைவு.