இரண்டாவது முறை கூப்பிட்டபோது

குழு: மஞ்சக்குப்பம் பெரிய வீடு

பிரியா
பெரியம்மா, மாமா, எல்லோரும் இந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். இவருடைய நண்பர் கொடுத்த ஜாமீன் படிவம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டே தந்திருக்கிறார். திங்கட்கிழமை காலையில் வங்கிக்கு வந்தால் போதுமாம். போன தடவை இதே நண்பருக்கு ஜாமீன் போட்டதால்தான் என் வளையலும் நெக்லஸும் அடகுக்குப் போயின. நெக்லஸ் வந்துவிட்டது, வளையல் இன்னும் வரவில்லை. அடகு ரசீது ரேஷன் கார்டு உறைக்குள் அப்படியே இருக்கிறது.

செந்தில்
இதை ஏன் குரூப்பில் போட்டாய் பிரியா? அவன் கடையை மூடும் நிலைமையில் இருக்கிறான், அவனுக்கு வேறு யாரும் இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து பழக்கம். நேரில் வந்து உட்கார்ந்து கேட்கிறான். முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

வசந்தா பெரியம்மா
போட்டது நல்லதுதான் செந்தில், கோபப்படாதே. நேற்று ராத்திரி திரௌபதி அம்மன் கோவிலில் பாரதம் கேட்கப் போயிருந்தேன், சூது படித்தார்கள். படிக்கிறவர் பாட்டைச் சொல்லி நிறுத்தி அர்த்தம் சொல்கிறார், பின்னால் ஆர்மோனியம் மெல்ல இழுத்துக்கொண்டே இருக்கிறது. முத்து மாலையை வைத்தார், தோற்றார். தேரை வைத்தார், தோற்றார். ஒவ்வொரு ‘தோற்றார்’ சொல்லும்போதும் குரலை ஒரு படி இறக்குகிறார். தம்பி நகுலனைப் பணயமாக வைத்த இடத்தில் என் பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வருஷா வருஷம் கேட்கிற கதைதான், அப்படியும் மனசு பதறுகிறது. இப்போது நீ சொன்னாயே, முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று எப்படிச் சொல்வது என்று, தருமர் சொன்னதும் அதுதான். சூது கெடுதல் என்று எனக்குத் தெரியும், ஆனால் கூப்பிட்டால் மறுக்க மாட்டேன் என்றுதான் விதுரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

செந்தில்
பெரியம்மா, அவன் சகுனி இல்லை. நல்லவன். வியாபாரம் கெட்டுப்போய்விட்டது, அவ்வளவுதான்.

தாத்தா
செந்தில், அவனைச் சகுனி என்று யாரும் சொல்லவில்லை. ஒன்றைக் கவனி. ஒரே நாளில் எல்லாம் போய்விட்டது, நேராகக் காட்டுக்குப் போனார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வியாசர் சொன்ன பாரதத்தில், சபா பர்வத்தில், ஆட்டம் இரண்டு. முதல் ஆட்டத்தில் நாடு, தம்பிகள், தன்னையே, கடைசியில் திரௌபதி என்று அத்தனையும் தோற்றாயிற்று. அப்புறம் திருதராஷ்டிரன் பயந்துபோய்த் திரௌபதிக்கு வரம் கொடுக்கிறான். அவள் முதல் வரத்தில் தருமனை விடுவிக்கிறாள், இரண்டாவதில் மற்ற நால்வரையும் தேரோடும் வில்லோடும் விடுவிக்கிறாள். மூன்றாவது கேள் என்றால் வேண்டாம் என்கிறாள், பேராசை தருமத்தைக் கெடுக்கும் என்கிறாள். நாடும் செல்வமும் திரும்பக் கிடைத்தன. தேரில் ஏறி இந்திரப்பிரஸ்தத்துக்குப் பாதி வழி போய்விட்டார்கள். அங்கே பின்னால் ஆள் வந்து, திரும்ப ஆட வாருங்கள் என்று கூப்பிடுகிறான். திரும்பிப் போனார். ஒரே ஒரு ஆட்டம். 12 வருஷம் வனவாசம், 1 வருஷம் அஞ்ஞாதவாசம். முதல் ஆட்டத்தில் ஏமாந்தார் என்று நாம் தருமருக்காகப் பேசலாம். இரண்டாவதுக்கு என்ன பேசுவது?

திவ்யா
தாத்தா, ஒரு தடவை அவ்வளவு பட்ட பிறகும் ஏன் போனார்?

தாத்தா
கூப்பிட்டது பெரியப்பா என்பதால், திவ்யா. ஆள் அனுப்பியவன் திருதராஷ்டிரன், தகப்பன் ஸ்தானம். இது நாசம் என்று தெரிகிறது, பெரியவர் வார்த்தையை மீற முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே திரும்புகிறார். எதிரி கூப்பிட்டால் யோசிப்போம், வேண்டியவர் கூப்பிட்டால் யோசிக்காமல் எழுந்துவிடுகிறோம். அதனால்தான் செந்தில், உன் நண்பன் நல்லவன் என்பது இங்கே பதில் ஆகாது.

குமார் மாமா
அப்பா சொன்னதோடு நான் வங்கியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஜாமீன் என்றால் ‘இவர் நல்லவர்’ என்று சாட்சி சொல்வது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், அது சாட்சி இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, 128ஆம் பிரிவு: கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர. முதலில் அவனிடம் வசூல் செய், அப்புறம் என்னிடம் வா என்று பொதுவாக வங்கியிடம் வாதாட முடியாது, நேராக உன்னிடமே வரலாம். தவணை நின்றால் கடனை ஒழுங்காகக் கட்டுகிறாயா என்று காட்டும் உன் சிபில் கணக்கும் கெடும், நாளைக்குப் பிள்ளை படிப்புக் கடனுக்குப் போனால் அங்கே முட்டும். நீ கட்டிய பணத்தை நண்பனிடம் கேட்டு வாங்க 145ஆம் பிரிவு உரிமை கொடுக்கிறது. ஆனால் கடையே மூடுகிறவனிடம் எதை வாங்குவாய்?

மாலா சித்தி
பிரியாவை யாராவது கேட்டீர்களா? போன தடவை கையெழுத்துப் போட்டது அவளுக்கு எப்போது தெரிந்தது?

பிரியா
வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்த அன்றைக்கு, சித்தி.

மாலா சித்தி
அதைத்தான் சொல்ல வந்தேன். திரௌபதியை இழுத்து வர ஆள் போனபோது அவள் அழுதுகொண்டு கிளம்பவில்லை, ஒரு கேள்வி கேட்டு அனுப்பினாள். என் கணவர் தன்னை முதலில் தோற்றாரா, என்னை முதலில் தோற்றாரா? தன்னையே இழந்தவனுக்கு என்னை வைக்க என்ன உரிமை? பீஷ்மர், துரோணர், கிருபர் என்று அவ்வளவு பெரியவர்கள் இருந்த சபையில் அதற்கு ஒருவரிடமும் நேரான பதில் இல்லை. தருமம் நுட்பமானது, என்னால் முடிவு சொல்ல இயலவில்லை என்று பீஷ்மரே ஒதுங்கிவிட்டார். நியாயம் பேசியவர் விதுரர். அப்புறம் நூறு பேரில் ஒருவனான விகர்ணன், சின்னப் பையன், எழுந்து இது தப்பு என்றான். கர்ணன் அவனை அடக்கினான். நம் புதுச்சேரியில் இருந்துதான் பாரதியார் பாஞ்சாலி சபதம் எழுதினார், முதல் பாகம் 1912இல் வந்தது. சபையில் இருந்தவர்களை மட்டும் இல்லை, தெருவில் நின்று பார்த்துப் புலம்பிய ஊர் ஜனங்களையும் அதில் விடவில்லை அவர். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நாம் ஆளுக்கு ஒரு கும்பிடு ஸ்டிக்கர் போட்டுவிட்டுப் போயிருந்தால் நாமும் அந்த ஜனங்கள்தான்.

செந்தில்
சித்தி, அவளைப் பணயம் வைத்தேன் என்கிறீர்களா?

மாலா சித்தி
உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை கண்ணா. வளையல் அவளுடையது. அவளைக் கேட்காமல் எந்தக் கையெழுத்தும் வேண்டாம் என்கிறேன்.

திவ்யா
இதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். கிருஷ்ணர் ஆட்டத்தை முதலிலேயே ஏன் நிறுத்தவில்லை?

தாத்தா
நல்ல கேள்வி. பாண்டவர்களைக் காட்டில் பார்க்க வரும்போது அவரே சொல்கிறார். அப்போது சால்வனோடு போருக்குப் போயிருந்தேன், துவாரகையில் இல்லை. இருந்திருந்தால் கௌரவர்கள் அழைக்காவிட்டாலும் நானே வந்து ஆட்டத்தைத் தடுத்திருப்பேன் என்கிறார். செந்தில், குரூப்பில் ஏன் போட்டாய் என்று பிரியாவிடம் கேட்டாயே, எங்களுக்குத் தெரிந்தால்தானே அழைக்காமலே வர முடியும்?

வசந்தா பெரியம்மா
நளன் கதையையும் சொல்லுங்கள் அப்பா. திருநள்ளாறு போகும்போதெல்லாம் நளதீர்த்தத்தில் குளித்து எள் விளக்குப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம், அந்தக் கதையில் தமயந்தி செய்ததை யாரும் பேசுவதில்லை.

தாத்தா
ஆமாம், காட்டில் தருமர் பிருகதசுவ முனிவரிடம், என்னைவிடத் துரதிருஷ்டசாலி எவனாவது உண்டா என்று புலம்பும்போது அவர் சொல்கிற கதை அது. நளன் புஷ்கரனோடு ஆடிக்கொண்டே இருக்கிறான், ஊர் ஜனங்களும் மந்திரிகளும் வந்து வாசலில் நிற்கிறார்கள், தமயந்தி திரும்பத் திரும்பச் சொல்கிறாள், அவன் காதில் விழவில்லை. இனி நிற்காது என்று தெரிந்ததும் அவள் என்ன செய்தாள்? தேரோட்டியைக் கூப்பிட்டு இரண்டு பிள்ளைகளையும் தேரில் ஏற்றித் தன் அப்பா வீட்டுக்கு, குண்டினபுரத்துக்கு அனுப்பிவிட்டாள். அவர்களைக் காப்பாற்றிய பிறகுதான் புருஷனோடு காட்டுக்குப் போனாள். இன்னொன்றும் உண்டு. எல்லாம் போன பிறகு புஷ்கரன், தமயந்தி இருக்கிறாளே, வை என்கிறான். நளன் ஒரு வார்த்தை பேசவில்லை, உடம்பில் இருந்த நகைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டான். அவ்வளவு மயக்கத்திலும் அந்த ஒரு இடத்தில் நின்றான். எனக்கு நளன்மேல் மரியாதை வருவது அங்கேதான்.

பிரியா
தாத்தா, பிள்ளை பெயரில் போட்டிருக்கும் அஞ்சலக சேமிப்பை இவர் இதுவரை தொட்டதில்லை. அதையும் சொல்ல வேண்டும் இல்லையா?

வசந்தா பெரியம்மா
சொல்லத்தான் வேண்டும். அவன் மனசு எங்களுக்குத் தெரியாதா?

செந்தில்
எல்லாம் புரிகிறது பெரியம்மா. ஆனால் கையை விரித்துவிட்டு நாளைக்கு அவனை நெல்லிக்குப்பம் ரோட்டில் பார்த்தால் என்ன பேசுவேன்? அவன் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வசந்தா பெரியம்மா
உதவி செய்யாதே என்று இங்கே யாரும் சொல்லவில்லை. உன்னிடம் இருப்பதில் எவ்வளவு கொடுத்தால் திரும்ப வராவிட்டாலும் தாங்குவாயோ அவ்வளவை, பிரியாவோடு பேசி, கையில் கொடு. திரும்பக் கேட்காதே. திரௌபதி ஆளை மீட்டாள், மூன்றாவது வரத்துக்குப் போகவில்லை, அது போல உன் அளவு எதுவோ அதோடு நில். அவன் வீட்டுக்கு அரிசி மூட்டை வேண்டுமானாலும் நான் அனுப்புகிறேன். கையெழுத்து மட்டும் வேண்டாம்.

குமார் மாமா
நானும் சும்மா பேசிவிட்டுப் போகவில்லை. அவரை லாஸ்பேட்டைக்கு என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா. பழைய கடனைக் கட்ட புதுக் கடன் வாங்குகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. அப்படி என்றால் புது ஜாமீன் தேடுவதைவிட, இருக்கும் கடனுக்கே தவணைக் காலத்தை நீட்டித் தரச் சொல்லி மேலாளரிடம் எழுதிக் கேட்பது நல்லது. விண்ணப்பம் நானே எழுதித் தருகிறேன். கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் கையில், கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

செந்தில்
சரி மாமா. அவனுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், அனுப்பலாமா பாருங்கள்: “டேய், இந்த மாதம் என்னால் ஜாமீன் போட முடியாதுடா. வீட்டில் கொஞ்சம் சிரமம். ஞாயிற்றுக்கிழமை என் மாமா வீட்டுக்குப் போவோம், அவர் வங்கியில் இருந்தவர், வழி சொல்வார்.”

பிரியா
‘இந்த மாதம்’ என்று போட்டால் அடுத்த மாதம் திரும்ப வருவார். நம் முடிவை நேராகவே எழுதிவிடுங்கள். வீட்டில் சிரமம் என்று என்மேல் போட வேண்டாம், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு என்று எழுதுங்கள்.

செந்தில்
சரி, மாற்றிவிட்டேன். “டேய், ஜாமீன் இனி யாருக்கும் போடுவதில்லை என்று நானும் பிரியாவும் முடிவு செய்திருக்கிறோம். உன்னை விட்டுவிட மாட்டேன், ஞாயிறு காலை ஒன்பது மணி பஸ்ஸுக்கு வா, புதுச்சேரி போய் மாமாவைப் பார்ப்போம்.” அனுப்பிவிட்டேன். பார்த்துவிட்டான், இன்னும் பதில் இல்லை.

குமார் மாமா
பதில் வரட்டும். பழைய கடனின் கணக்கு விவரம், கடைசியாகக் கட்டிய தவணை ரசீது இரண்டையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்.