எக்ஸ்வி6 கர்னலில் கமிட்டைத் தள்ளிப்போட்டதும் தொங்குகிறது, யாராவது பார்த்துச் சொல்லுங்கள்

புதுக்கர்னல்:
வணக்கம். எக்ஸ்வி6 என்ற பாடப் பயிற்சி ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கர்னலில் (ரிஸ்க்-வி பதிப்பு, கியூஎமு எமுலேட்டரில் ஓட்டுகிறேன்) கோப்பு எழுதும் வேகத்தைக் கூட்டுவதுதான் என் செமஸ்டர் புராஜெக்ட். நேரம் எங்கே போகிறது என்று தெரியாததால் டிஸ்க்கோடு பேசும் விர்டியோ டிரைவருக்குள் ஒரு கவுண்டர் வைத்தேன். ஒரு புதுக் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு பைட்டாக 1000 தடவை எழுதினால் டிஸ்க்குக்குப் போன ரைட் 6002! கோடைப் படித்த பிறகுதான் புரிந்தது: ஒரு பைட் எழுதினாலும் டேட்டா பிளாக், கோப்பின் அளவு போன்ற விவரங்களை வைக்கும் ஐநோடு பிளாக் என இரண்டு மாறுகின்றன, அந்த இரண்டும் முதலில் லாக்குக்கு (கிராஷ் ஆனால் மீட்க டிஸ்க்கில் ஒதுக்கிய இடம்) போகின்றன, பிறகு லாக்கில் என்ன இருக்கிறது என்று குறிக்கும் லாக் ஹெடர், பிறகு இரண்டும் தங்கள் சொந்த இடத்துக்கு, கடைசியில் ஹெடரைத் துடைக்க இன்னொன்று, ஆக ஆறு. முதல் பைட்டுக்கு மட்டும் எந்த பிளாக் காலி என்று குறிக்கும் பிட்மேப் பிளாக்கும் சேர்வதால் எட்டு.

சரி, ஒவ்வொரு தடவையும் எதற்கு இந்த முழுச் சுற்றும் (கமிட்) என்று, எழுதும் வேலை முடிந்ததும் அழைக்கப்படும் எண்ட்_ஆப்பை மாற்றி, லாக்கில் 25 பிளாக் சேர்ந்தால் மட்டும் கமிட் செய்யும்படி வைத்தேன். சின்ன புரோகிராம்கள் பறக்கின்றன. ஆனால் எக்ஸ்வி6 உடன் வரும் சோதனைத் தொகுப்பான யூசர்டெஸ்ட்ஸ் ஓட்டினால் சில நேரம் அப்படியே நின்றுவிடுகிறது, சில நேரம் "பிகெட்: நோ பஃபர்ஸ்" என்று பிழை சொல்லிக் கர்னல் பேனிக் ஆகிறது. லாக்கின் அளவான லாக்சைஸ் பழைய 30தான், வேறு எதையும் தொடவில்லை. மூன்று நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

பிளாக்வாசி:
நிற்பதற்குக் காரணம் அந்த 25. எழுதத் தொடங்கும் முன் அழைக்கப்படும் பிகின்_ஆப்பைத் திறந்து பாருங்கள். லாக்கில் ஏற்கெனவே உள்ள பிளாக்குகளோடு, புதிதாக வருபவருக்கு 10 பிளாக் ஒதுக்கினால் 30ஐத் தாண்டுமா என்று பார்த்து, தாண்டினால் தூங்கப் போய்விடுகிறது. அதாவது லாக்கில் 21 பிளாக் இருந்தாலே யாரும் உள்ளே வர முடியாது. நீங்களோ 25 வந்தால்தான் கமிட் என்கிறீர்கள். எண்ணிக்கை 21க்கும் 24க்கும் நடுவில் நின்றுவிட்டால் எல்லோரும் தூங்குகிறார்கள், எண்ட்_ஆப்பைக் கூப்பிட ஆளே இல்லை. பிகின்_ஆப்பில் உள்ள அதே கணக்கை எண்ட்_ஆப்பிலும் போடுங்கள்: கடைசி ஆள் வெளியேறும்போது இன்னொரு 10க்கு இடமில்லை என்றால் கமிட். இடம் இருந்தால் கமிட் வேண்டாம், ஆனால் தூங்குபவர்களை எழுப்ப மறக்காதீர்கள், அதை விட்டால் வேறு விதமாகத் தொங்கும்.

லாக்குப்பின்னால்:
பேனிக் தனிக் கதை. லாக்கில் சேர்ந்த ஒவ்வொரு பிளாக்கும் கமிட் முடியும்வரை பஃபர் கேஷில் (டிஸ்க் பிளாக்குகளின் நகலை மெமரியில் வைக்கும் இடம்) பின் செய்யப்பட்டிருக்கும், அதை வெளியேற்ற முடியாது. மொத்த பஃபரே 30. உங்கள் மாற்றத்தில் 20 பிளாக் இருக்கும்போது ஒருவர் உள்ளே வந்து 9 பிளாக் எழுதினால் 29 பஃபர் பின் ஆகிவிடும், மிச்சம் ஒன்றுதான். கமிட் லாக் பிளாக்கை எழுத அந்த ஒன்றைத்தான் கேட்கும். அந்த நேரம் பார்த்து இன்னொரு புராசஸ் ஒரு கோப்பைப் படித்தால் (படிப்பதற்கு பிகின்_ஆப் கிடையாது, லாக் தடுக்காது) போயிற்று. தனியாக ஓட்டும்போது தெரியாமல் யூசர்டெஸ்ட்ஸில் மட்டும் வெடிப்பது இதனால்தான். பஃபர் எண்ணிக்கையான என்பஃபை லாக்சைஸ் கூட்டல் 20 என்று வையுங்கள்.

இதே இடத்தில் இன்னொரு வீணையும் பாருங்கள். கமிட்டில் பிளாக்குகளைச் சொந்த இடத்துக்கு எழுதும்போது, எக்ஸ்வி6 லாக் பிளாக்கை மறுபடி படித்து அதிலிருந்து காப்பி செய்கிறது. பஃபர்கள் நெருக்கடியாக இருந்தால் அந்தப் படிப்பு உண்மையாகவே டிஸ்க்குக்குப் போகும். கிராஷுக்குப் பிந்தைய மீட்புக்கு அது தேவை. சாதாரணக் கமிட்டுக்குத் தேவையே இல்லை, பின் செய்த பஃபரில் அதே டேட்டா இருக்கிறது, கமிட் நடக்கும்போது யாரும் அதை மாற்றவும் முடியாது. நேரே எழுதிவிடலாம்.

பிளாக்வாசி:
அப்புறம் லாக் பிளாக்குகளை ஒவ்வொன்றாகக் காத்திருந்து எழுதாமல் மொத்தமாக அனுப்ப நினைத்தால், விர்டியோ டிரைவரில் டிஸ்கிரிப்டர் (டிஸ்க்குக்கு வேலையைக் குறித்துக் கொடுக்கும் சீட்டு) 8தான், ஒரு ரிக்வெஸ்டுக்கு 3 வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு ரிக்வெஸ்டுக்கு மேல் போகாது. 64 ஆக்குங்கள், இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், எல்லா லாக் பிளாக்கும் முடிந்தது என்று தெரிந்த பிறகே ஹெடரை எழுதுங்கள். ஹெடர் முந்திக்கொண்டால் கிராஷுக்குப் பிறகு மீட்பு குப்பையை எடுத்து நல்ல பிளாக்குகள் மேல் எழுதிவிடும்.

புதுக்கர்னல்:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி! கணக்கை மாற்றி, என்பஃப் 50 வைத்தேன், யூசர்டெஸ்ட்ஸ் முழுதும் ஓடி முடிந்தது. உடனே கமிட் செய்ய வைக்கும் சிங்க் என்று ஒரு சிஸ்டம் கால் சேர்த்து, கோப்பைத் திறந்ததும் ஒரு சிங்க், 1000 பைட் எழுதியதும் ஒரு சிங்க் என்று வைத்து, நடுவில் எண்ணினால் 6002 போன இடத்தில் இப்போது 8. டிஸ்கிரிப்டரை இன்னும் தொடவில்லை.

ஒரே கவலை, சிங்க் அழைக்காமல் கியூஎமுவை நிறுத்தினால் புதிதாக உருவாக்கிய கோப்பே காணோம். இது சரியா? கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை தானாகக் கமிட் ஆக என்ன செய்வது, டைமர் இன்டரப்டிலேயே கூப்பிடலாமா?

லாக்குப்பின்னால்:
காணாமல் போவது சரிதான், பாதிக் கோப்பு கிடந்தால்தான் பிழை. டைமர் இன்டரப்டில் கூப்பிடவே கூடாது, கமிட் டிஸ்க்குக்காகத் தூங்கும், இன்டரப்டுக்குள் தூங்க முடியாது. முதல் பிளாக் லாக்கில் சேர்ந்தபோது டிக்ஸ் (டைமர் எண்ணிக்கை) மதிப்பு என்ன என்று குறித்துவைத்து, எண்ட்_ஆப்பில் கடைசி ஆள் வெளியேறும்போது வித்தியாசத்தைப் பாருங்கள், அதிகமானால் கமிட். யாருமே எழுதாமல் சும்மா இருந்தால் அது நடக்காது, அதற்கு முதல் புராசஸான இனிட்டிலிருந்து ஒரு சின்ன புராசஸை ஃபோர்க் செய்து, தூங்கி எழுந்து சிங்க் அழைக்கும் லூப்பில் விடுங்கள்.