நைட் சிப்ட் முடிந்து பகலில் தூங்க மாத்திரை போடலாமா?

பொகவந்தலாவை ரோலர்க்காரன்:
தேயிலை பெக்டரியில் ரோலர் பக்கம் எனக்கு ராத்திரி வேலை. கொழுந்து வாடி முடியவே நடுச்சாமம் ஆகிவிடும், அதற்குப் பிறகுதான் உருட்டுவது. விடிந்து வந்து படுத்தால் லயத்து வரிசை வீட்டில் தூங்க முடிகிறதா? பக்கத்துக் காம்பராவில் ரேடியோ, தகரத்துக்கு மேலே குரங்கு. பத்து மணிக்கெல்லாம் முழிப்பு. டவுன் பார்மசியில் அலர்ஜிக்குப் போடும் பிரிட்டோன் வாங்கிப் போட்டால் தூக்கம் வருகிறது, ஆனால் ராத்திரி நின்றபடியே தலை தொங்குகிறது. மாமாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த டயசிபாம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை வீட்டில் இருக்கிறது. பாதி போடு என்கிறார். போடலாமா?

ஹட்டன் மருந்துக்கடை அக்கா:
தம்பி, அதைத் தொட வேண்டாம். டயசிபாமில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஒன்றிரண்டு நாள் ஆகும். அது உடம்பில் உடைந்து உண்டாகும் பொருள் இன்னும் கூட நாள் நிற்கும். தினமும் போட்டால் சேர்ந்துகொண்டே போகும். காலையில் போட்டது ராத்திரி ரோலர் பக்கம் நிற்கும்போதும் உள்ளேதான் இருக்கும். கூடவே சாராயமும் போனால் மூச்சே அடங்கலாம். சோல்பிடெம், சோபிக்லோன் என்ற தூக்க மாத்திரைகள் உடம்பை விட்டுச் சீக்கிரம் போய்விடும். ஆனால் தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, வண்டி ஓட்டுவது எல்லாம் நடந்திருப்பதால் 2019இல் அமெரிக்காவில் சோல்பிடெமுக்கும், சோபிக்லோனின் நெருங்கிய வகையான எஸ்சோபிக்லோனுக்கும் கடும் எச்சரிக்கை போட்டார்கள். டாக்டர் தந்தாலும் கொஞ்ச நாளைக்குத்தான்.

நுவரெலியா வாச்சர்:
எனக்கு டாக்டர் மெலடோனின் தந்தார், தூக்கத்துக்காக உடம்பே சுரக்கும் ஹார்மோனின் மாத்திரை. பெரிதாக எதிர்பார்க்காதே தம்பி. பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் கொக்ரேன் அமைப்பு 2014இல் வெளியிட்ட தொகுப்பைப் பார்த்தால், நைட் வேலைக்காரர்களுக்குப் பகல் தூக்கம் சராசரியாக 24 நிமிடம்தான் கூடியிருக்கிறது. சோபிக்லோனில் அதுகூடத் தெளிவாகத் தெரியவில்லை. எனக்கு அதைவிட உதவியது ஜன்னலில் அடித்த கறுப்புத் துணியும் காதுக்குப் பஞ்சும். வீட்டுக்கு வரும்போது தொப்பியை இறக்கி வெயில் கண்ணில் படாமல் வருவேன். சாயங்காலம் வேலைக்குக் கிளம்புமுன் இன்னொரு குட்டித் தூக்கம். அப்புறம், ராத்திரி ரெண்டு மணிக்கு மேல் சாயத்தண்ணி (வெறும் தேத்தண்ணி) கிடையாது.

பொகவந்தலாவை ரோலர்க்காரன்:
பெக்டரியில் நின்றுகொண்டு சாயத்தண்ணி வேண்டாமா! சரி, பார்க்கிறேன். அக்கா, இன்னொன்று. நான் குறட்டை விடுகிறேனாம், நடுவில் மூச்சு நின்று திணறுகிறேனாம், வீட்டுக்காரி சொல்கிறாள். இதையும் டாக்டரிடம் சொல்லவா?

ஹட்டன் மருந்துக்கடை அக்கா:
முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும். அப்படி மூச்சு நிற்கிறவருக்குத் தூக்க மாத்திரை ஆபத்து. எவ்வளவு தூங்கினாலும் களைப்புப் போகாததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். போகும்போது வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போங்கள், பார்த்தது அவர்தானே.